கேள்வி பதில்: மலையில கெமிக்கல் லீக் ஆனா எந்தப் பக்கம் போறது?

இந்த மாசம் நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து வந்த கேள்விங்கள்ல நிறைய ஃபாக்டரி, குடோன், டேங்கர் பத்தி தான் இருக்கு. மத்த கேள்விங்களை அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: எங்க வீட்டுக்கு மேல மேட்டுல குடிதண்ணி சுத்தம் பண்ற பிளான்ட் இருக்கு. மஞ்சக் கலர்ல பெரிய உருளை லாரில வந்து எறங்குது, குளோரின்னு சொல்றாங்க. நாங்க இருக்கறது கீழ பள்ளத்துல. பயப்படணுமா சார்? (வாசகி, குன்னூர்)

பயப்பட வேண்டாம்மா, ஆனா விவரம் தெரிஞ்சுக்காம இருக்கக் கூடாது. அந்த மஞ்ச உருளையை டோனர்னு சொல்வாங்க, ஒண்ணுல சுமார் 900 கிலோ குளோரின் அழுத்தத்துல திரவமா இருக்கும், சின்னதுன்னா 100 கிலோ சிலிண்டர். திரவமா ஒரு லிட்டர் வெளிய வந்தா 450 லிட்டருக்கு மேல கேஸா விரியும். இந்த கேஸ் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், அதனால மேல போகாது, தண்ணி மாதிரி சரிவுல எறங்கி ஓடை, பள்ளம், படிக்கட்டு, சாக்கடைன்னு தாழ்வா இருக்கிற எடமா பாத்து தேங்கும். சமவெளியில இது காத்தடிக்கிற பக்கம் பரவும், நம்ம ஊர்ல காத்தோட சேர்ந்து சரிவும் அதை இழுத்துட்டுப் போகும். உங்க வீடு கீழ இருக்குன்னு நீங்க கவலைப்படறது ரொம்ப சரி.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1989-ல வந்த அபாயகரமான ரசாயனங்கள் விதிகள்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி ஒரே எடத்துல 10 டன் குளோரினோ அதுக்கு மேலயோ வச்சிருந்தா அவங்க அரசாங்கத்துக்கு முறைப்படி தெரிவிக்கணும், உள்ளுக்குள்ள அவசர திட்டம் எழுதணும், வெளிய குடியிருக்கறவங்களுக்கு ஆபத்து என்னன்னு சொல்லணும், 25 டன்னைத் தாண்டினா அதோட சேர்த்து முழு பாதுகாப்பு அறிக்கையும் குடுக்கணும். இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு மலை ஊர் பிளான்ட்ல ரெண்டு மூணு டோனர் நிக்கும், அது மூணு டன் கூட வராது. அப்ப பெரிய விபத்து நடக்கக்கூடிய எடங்களோட பட்டியல்லயே அது வராது. என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த விதியில இருக்கிற பெரிய ஓட்டையே இதுதான், ஏன்னா அந்த 10 டன்னுங்கற கோடு பிளான்ட் எங்க இருக்குன்னு பாக்கறதில்ல, மைதானத்துல இருக்கிற ஒரு டோனரும் 40 வீட்டுக்கு மேல மேட்டுல நிக்கிற ஒரு டோனரும் அந்தக் கணக்குல ஒண்ணுதான்.

அதுக்காக கேக்கறதுக்கு வழியே இல்லன்னு நெனச்சிடாதீங்க. சிலிண்டரை எப்படி வைக்கணும், எப்படி கையாளணும்னு 2016 கேஸ் சிலிண்டர் விதிகள் தனியா இருக்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 படி கலெக்டர் தலைமையில மாவட்ட திட்டம் போடறப்ப இதையும் அதுல சேர்க்கச் சொல்லி நகராட்சி வழியா மனு குடுக்கலாம். பிளான்ட்டுக்குப் போய் நாலு கேள்வி கேளுங்க: லீக் வந்தா சத்தம் போடற சென்சார் இருக்கா, ஓட்டையை அடைக்கிற கிட் இருக்கா, மூச்சுக் கருவி போட்டு வேலை செய்யத் தெரிஞ்ச ஆள் ராத்திரி ஷிஃப்ட்லயும் இருக்காங்களா, எங்களுக்கு எப்படி தகவல் வரும்? நல்ல பிளான்ட்டா இருந்தா சந்தோஷமா காட்டுவாங்க.

லீக் ஆயிடுச்சுன்னா பிளீச்சிங் பவுடர் வாசனை சுள்ளுன்னு மூக்குல ஏறும், அதிகமா இருந்தா மஞ்சளும் பச்சையுமா புகை தெரியும். அப்ப கீழ ரோட்டுக்கு ஓடணும்னு தான் எல்லாருக்கும் தோணும், ஆனா அது கூடாது. காத்துக்கு குறுக்க, பக்கவாட்டுல நடந்து மேடேறுங்க. வெளிய போக முடியாத நெலமைன்னா மாடி ரூமுக்குப் போய் கதவு ஜன்னல் சாத்தி, சந்துல ஈரத்துணி அடைச்சு, மூக்கு வாயில ஈரத்துணி கட்டிக்கங்க, கட்டிலுக்கு அடியில படுக்காதீங்க, தரையோரமா தான் கேஸ் அதிகமா நிக்கும். இன்னொண்ணு, லீக் ஆகற சிலிண்டர் மேல நேரா தண்ணி அடிக்கறது தப்பு, ஈரம் பட்டா ஆசிட் ஆகி ஓட்டை பெருசாகும்.

கேள்வி: ஆஃப்சைட் பிளான், ஆன்சைட் பிளான்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. நெஜத்துல யார் போடறாங்க? பொதுமக்கள் அதைப் பாக்க முடியுமா? (கல்லூரி மாணவி, ஊட்டி)

ஃபாக்டரி காம்பவுண்டுக்குள்ள என்ன செய்யணும்ங்கறது ஆன்சைட், அதை எழுத வேண்டியது ஓனர், ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒத்திகை நடத்தணும். காம்பவுண்டு தாண்டினா ஆஃப்சைட், அதைத் தயாரா வச்சிருக்க வேண்டியது கலெக்டர், வருஷத்துக்கு ஒரு ஒத்திகையாவது நடக்கணும். இது ரெண்டும் 1989 விதிகள்ல இருக்கு. 1996-ல வந்த ரசாயன விபத்து விதிகள்ல இதுக்குன்னே குழு அமைக்கச் சொல்லியிருக்காங்க, மாநிலத்துக்கு தலைமைச் செயலாளர் தலைமையில, மாவட்டத்துக்கு கலெக்டர் தலைமையில, அதுக்கும் கீழ உள்ளூர் குழு. மாவட்டக் குழு 45 நாளைக்கு ஒருக்காவும் உள்ளூர் குழு மாசம் ஒருக்காவும் கூடணும். அந்தக் குழு வேலைகள்ல மக்களுக்கு விவரம் சொல்றதும் ஒண்ணு. அதனால தாராளமா கேக்கலாம் பாப்பா, கடைசி கூட்டம் எப்ப நடந்துச்சு, ஒத்திகை எங்க நடந்துச்சு, அதுல என்ன குறை கண்டுபிடிச்சாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டா போதும். உன் புராஜெக்ட்டுக்கே ஆச்சு.

இந்த சட்டமெல்லாம் எதுக்கு வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாரு. 1984 டிசம்பர் 2 ராத்திரி போபால்ல சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட்டுங்கற விஷ கேஸ் வெளிய வந்துச்சு. டேங்கைக் குளிர வைக்கிற சிஸ்டம் நிறுத்தி வச்சிருந்தாங்க, வர்ற கேஸை எரிக்கிற கோபுரத்துக்குப் போற குழாய் துண்டா கெடந்துச்சு, கேஸைக் கழுவற ஸ்க்ரப்பரும் அவ்வளவு அளவைத் தாங்கல. அதை விடக் கொடுமை, சுத்தி குடியிருந்தவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்ல ஆளில்ல, காத்து போற பக்கமே ஓடினவங்க ஏராளம். சரியா ஒரு வருஷத்துல, 1985 டிசம்பர் 4, டெல்லியில ஒரு ஃபாக்டரியில ஓலியம்ங்கற கந்தக அமில கேஸ் லீக் ஆச்சு, அந்த வழக்குல தான் சுப்ரீம் கோர்ட், ஆபத்தான தொழில் நடத்தறவன் கவனமா இருந்தேன்னு சாக்கு சொல்லித் தப்பிக்க முடியாது, நஷ்டத்துக்கு அவனே முழுப் பொறுப்புன்னு தீர்ப்பு சொன்னாங்க. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், ஃபாக்டரி சட்டத்துல 1987 திருத்தம், 1989 விதிகள், 1991 பொதுப் பொறுப்பு காப்பீட்டுச் சட்டம்னு வரிசையா வந்தது எல்லாமே இதுக்கப்புறம் தான்.

நான் சொல்ல வர்ற விஷயம் இனிமே தான் இருக்கு. ஆஃப்சைட் பிளான்னாலே மேப்ல ஃபாக்டரியை நடுவுல வச்சு அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர்னு வட்டம் போடறது வழக்கம். மணலிக்கும் கடலூருக்கும் அந்த வட்டம் ஓரளவு ஒத்து வரும், தரை மட்டமா இருக்கு. கேத்தி பள்ளத்தாக்கை எடுத்துக்கோ, ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள வர்ற ஹட்டி (படகர் ஊர்) ஒண்ணு மேல முகட்டுல இருக்கும், அங்க ஒண்ணுமே ஆகாம போகலாம், வட்டத்துக்கு வெளிய ரெண்டு கிலோமீட்டர் கீழ ஓடை ஓரம் இருக்கிற லைன் வீட்டுக்கு கேஸ் வழிஞ்சு போய்ச் சேரலாம். பகல்ல வெயில் பட்டா சரிவு சூடாகி காத்து மேல ஏறும், சாயங்காலம் ஆனதும் குளுந்த காத்து கனமாகி சரிவுல எறங்கி பள்ளத்துல உக்காந்துக்கும், அதுக்கு மேல வெதுவெதுப்பான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும். டிசம்பர், ஜனவரில தலைகுந்தா பக்கம் உறைபனி எங்க விழுதுன்னு உங்க ஊர் விவசாயிகிட்ட கேளு, மேட்டுல இருக்கிற தேயிலைக்கு ஒண்ணும் ஆகாது, தாழ்வா இருக்கறது தான் கருகும்னு சொல்வாங்க. அந்தக் குளுந்த காத்து தேங்கற எடம்தான் கனமான கேஸும் தேங்கப் போற எடம். அப்ப நீலகிரிக்கு வட்டம் போட்ட மேப் பத்தாது, ஓடை வழியைப் பாத்து, பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு ரெண்டு மேப் வேணும்.

அதோட ரோடு. சமவெளியில நாலு பக்கமும் வழி இருக்கும். இங்க கீழ எறங்கணும்னா பர்லியார் வழி, இல்லன்னா கோத்தகிரி குஞ்சப்பனை வழி, மஞ்சூர் கெத்தை வழி, அந்தப் பக்கம் கல்லட்டி, கூடலூர், அவ்வளவு தான். 2009 நவம்பர் மழையில மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல உயிர் போச்சு, ரோடெல்லாம் அடைஞ்சு கெடந்தது ஞாபகம் இருக்கும். கீழ இருந்து ஸ்பெஷல் டீம் வரும்னு பிளான்ல ஒரு வரி எழுதியிருந்தா, அந்த டீம் எந்த ரோட்டுல, எத்தனை மணி நேரத்துல வரும், அந்த ரோடு மூடியிருந்தா என்னன்னு அடுத்த வரியிலயே இருக்கணும். அது இல்லாத பிளானை மலைக்கான பிளான்னு நான் ஒத்துக்க மாட்டேன். நீ மனு போட்டா இதை மறக்காம கேளு.

கேள்வி: பாத்ரூம் கழுவ ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஊத்தினேன், மூச்சு முட்டிப் போச்சு. ஏன்? (இல்லத்தரசி, வெலிங்டன்)

ரெண்டும் கலந்தா வர்றது குளோரின் கேஸ் தாங்க. கதவு சாத்தின பாத்ரூம்ல கலந்தா ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு ஆகும். எப்பவும் ஒண்ணை மட்டும் போட்டு நல்லா தண்ணி விட்டுக் கழுவுங்க, இன்னொண்ணை இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

கேள்வி: எங்க ஊர் கார்டைட் ஃபாக்டரிக்கும் இந்த விதியெல்லாம் உண்டா? பாதுகாப்புத் துறைன்னா யாரும் கேக்க முடியாதுன்னு சொல்றாங்களே? (வாசகர், அருவங்காடு)

நூறு வருஷத்துக்கு மேல ஓடற ஃபாக்டரி அது, உங்க ஊரே அதைச் சுத்தி வளந்தது. வெடிமருந்து செய்யற பாதுகாப்புத் துறை நிறுவனங்களுக்கு சோதனை போடறது மாநில ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் இல்ல, பாதுகாப்பு அமைச்சகத்துக்கு கீழ வெடிமருந்து பாதுகாப்புக்குன்னு தனி அமைப்பு இருக்கு, எவ்வளவு மருந்து வச்சா எவ்வளவு தூரத்துல கட்டடம், குடியிருப்பு இருக்கலாம்னு அவங்க கணக்கு வச்சிருக்காங்க. உள்ள என்ன தயாராகுதுங்கறது ரகசியமா இருக்கலாம், அதை நாம கேக்கவும் தேவையில்ல. ஆனா காம்பவுண்டுக்கு வெளிய இருக்கிற ஜனங்களைக் காப்பாத்தற பொறுப்பு கலெக்டருக்கு எப்பவும் உண்டு. எந்த சங்கு ஷிஃப்டுக்கு, எந்த சங்கு ஆபத்துக்கு, ஆபத்து சங்கு ஊதினா பள்ளிக்கூடத்துல புள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போகணும், இதுல ரகசியம் எதுவும் இல்ல. பேரூராட்சியில தீர்மானம் போட்டு ஃபாக்டரி நிர்வாகத்துக்கும் கலெக்டருக்கும் எழுதுங்க. இதுக்கு மட்டும் யோசனை கொஞ்சம் வேற, வெடிச் சத்தம் கேட்டா என்னாச்சுன்னு பாக்க ஜன்னல் கிட்ட ஓடாதீங்க, முதல் வெடியை விட கண்ணாடி சிதறி காயப்படறது அதிகம், ரெண்டாவது வெடியும் வரலாம்.

கேள்வி: பெட்ரோல் டேங்கர், கேஸ் சிலிண்டர் லாரி எல்லாம் கொண்டை ஊசி வளைவுல எறங்கறதைப் பாத்தாலே பதறுது. கவிழ்ந்தா நாங்க என்ன செய்யணும்? (டீக்கடைக்காரர், பர்லியார் பக்கம்)

அண்ணா, ரோட்டோரம் இருக்கிற நீங்க தான் முதல்ல பாக்கறவர், அதனால டீடெய்லா சொல்றேன். 2025 ஜனவரி 3-ஆம் தேதி விடிகாலை கோயமுத்தூர் அவிநாசி ரோடு மேம்பாலத்துல 18 டன் எல்பிஜியோட டேங்கர் கவிழ்ந்துச்சே, அக்கம் பக்கத்து ஸ்கூலுக்கு லீவு விட்டு, ரோடை மூடி, லீக் ஆன எடத்தை அடைச்சு, வண்டியைத் தூக்கி நிறுத்திக் கொண்டு போனாங்க, ஒரு உயிர் கூடப் போகல. அது பெரிய ஊர், கம்பெனி ஆளுங்க பக்கத்துலயே இருந்தாங்க. உங்க வளைவுக்கு அவங்க வந்து சேர நேரமாகும், அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே பெரிய உதவி, ஆனா சில வேலை இருக்கு.

முதல்ல கடை அடுப்பை அணைங்க. எல்பிஜியும் சரி, பெட்ரோல் ஆவியும் சரி, காத்தை விட கனம், ரோட்டோட சரிவுல எறங்கி உங்க அடுப்பைத் தேடி வரும். ஸ்விட்சைத் தொடாதீங்க, போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். அப்புறம் மேல வளைவுல ஒரு ஆள், கீழ வளைவுல ஒரு ஆள் நின்னு வண்டியை நிறுத்துங்க, இஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. டேங்கர் மேல ஆரஞ்சும் கறுப்புமா ஒரு போர்டு இருக்கும், அதுல நாலு இலக்க நம்பர் இருக்கும், தூரத்துல இருந்தே பாத்து போன்ல சொல்லிடுங்க, 1203-ன்னா பெட்ரோல், 1075-ன்னா எல்பிஜி, 1017 குளோரின், 1005 அம்மோனியா. ஃபயர் சர்வீஸ்காரங்களுக்கு அந்த நாலு இலக்கம் போதும், என்ன கொண்டு வரணும்னு முடிவு பண்ணிடுவாங்க. கேனைத் தூக்கிட்டு கொட்டின பெட்ரோலைப் புடிக்கப் போற பசங்களை கையைப் புடிச்சு இழுத்தாவது நிறுத்துங்க, கெஞ்சிக் கேக்கறேன், ஒவ்வொரு நாட்டுலயும் இப்படித் தான் கொத்து கொத்தா ஜனங்க எரிஞ்சு போயிருக்காங்க.

கேள்வி: எஸ்டேட்ல மருந்தடிக்கற வேலை பாக்கறோம். மருந்து ரூம் எங்க லைன் வீட்டை ஒட்டியே இருக்கு. எதிர்த்துக் கேட்டா வேலை போயிடுமோன்னு இருக்கு. (தொழிலாளி, கோத்தகிரி)

உங்க பயம் எனக்குப் புரியுது தம்பி. தனியா கேக்காதீங்க, சங்கம் வழியா இல்ல நாலு பேரா சேர்ந்து எழுத்துல கேளுங்க. கேக்கறதுக்கு சட்டமே எடம் குடுத்திருக்கு: தோட்டத் தொழிலாளர் சட்டத்துல 2010-ல ஒரு திருத்தம் பண்ணி பூச்சிமருந்து, ரசாயனம் கையாள்றதுல பாதுகாப்பு ஏற்பாடு செய்யறது முதலாளி கடமைன்னு தனி அத்தியாயமே சேர்த்தாங்க. தேயிலை ஃபாக்டரி மாதிரி எடத்துக்கு, ஆபத்து வரப் போகுதுன்னு தெரிஞ்சா தொழிலாளி நேரா நிர்வாகத்துகிட்டயும் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லலாம்னு ஃபாக்டரி சட்டத்தோட 1987 திருத்தத்துல உரிமை வந்துச்சு, 2025 நவம்பர்ல அந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலா அமலுக்கு வந்த 2020 தொழில் பாதுகாப்பு சட்டத் தொகுப்புலயும் அது ரெண்டையும் வச்சிருக்காங்க.

டப்பா மேல சாய்ஞ்ச சதுரத்துல கீழ்ப் பாதி முக்கோணம் ஒரு கலர்ல இருக்கும், சிவப்புன்னா கொடிய விஷம், மஞ்சள் அதுக்கு அடுத்தது, அப்புறம் நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுச் சுவத்தை ஒட்டி இருக்கவே கூடாது. ரூமுக்கு பூட்டு, காத்தோட்டம், கொட்டினா வெளிய ஓடாம தடுக்க வாசல்ல ஒரு சின்னத் திட்டு, குடிதண்ணி ஓடைக்கு தூரம், இவ்வளவு தான் கேக்கறோம், இதுக்கு லட்சக்கணக்குல செலவாகாது. காலி கேன்ல தண்ணி புடிச்சு வைக்கறது இன்னும் நிறைய லைன்ல நடக்குது, தயவு செஞ்சு குத்தி ஓட்டை போட்டுடுங்க.

கேள்வி: வெடிக்கல, எரியல, ஆனா எங்க ஊர்ல பாதரசம் நடந்துச்சு. அதெல்லாம் விபத்துக் கணக்குல வராதா? (வாசகர், கொடைக்கானல்)

வரணும்ங்க, ஆனா விதியெல்லாம் திடீர்னு நடக்கறதை மனசுல வச்சு எழுதினது. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருந்து பழைய மெஷினைக் கொண்டு வந்து 1980-கள்ல கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபாக்டரி போட்டாங்க, பின்னாடி இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. 2001-ல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டின கண்ணாடிக் கழிவு கெடக்கறதை ஊர்க்காரங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து வெளிய கொண்டு வந்தப்புறம் தான் ஃபாக்டரி மூடினாங்க. 2003-ல சுமார் 290 டன் கழிவை திரும்ப அமெரிக்காவுக்கே கப்பல்ல அனுப்பினாங்க, 2016-ல 591 பழைய தொழிலாளிங்களோட கம்பெனி உடன்பாடு பண்ணிச்சு. பதினஞ்சு வருஷம் ஆச்சு பாருங்க, அதுக்கே எவ்வளவு போராட்டம்.

பாம்பார் சோலையை ஒட்டி, தண்ணி கீழ கும்பக்கரை பக்கம் எறங்கற சரிவுல இப்படி ஒரு ஃபாக்டரி வரலாமாங்கற கேள்வியை முதல் செங்கல் வைக்கறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். 1987 திருத்தத்துல எடத் தேர்வு கமிட்டின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆபத்தான ஃபாக்டரி எங்க வரலாம்னு ஆலோசனை சொல்ல. இந்த ஃபாக்டரி அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. இனிமே மலையில எந்த ஃபாக்டரி வந்தாலும் எதைத் தயாரிக்கறாங்கன்னு மட்டும் கேக்காம, கழிவும் உடைஞ்ச சரக்கும் எந்த கேட் வழியா, யார் லாரில, எங்க போகுதுன்னு கேளுங்க. மூஞ்சிக்கல்ல வெளிப்பட்டதே அந்தக் கழிவு தான்.

வீட்டுல பழைய பாதரச தெர்மாமீட்டர் உடைஞ்சா தொடப்பம் போடாதீங்க, உருண்டை சின்னச் சின்னதா செதறும். ஜன்னலைத் திறந்துட்டு, குழந்தைங்களை வெளிய அனுப்பிட்டு, தடிச்ச பேப்பர்ல ஒதுக்கி மூடி போட்ட பாட்டில்ல போட்டு வைங்க, சிங்க்ல ஊத்தாதீங்க.

கேள்வி: ஏதாவது ஆனா யாருக்கு போன் பண்றது? பாதிக்கப்பட்டா நஷ்ட ஈடு? (வாசகர், கூடலூர்)

112, இல்லன்னா ஃபயர் சர்வீஸ் 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077, செல்லுல இருந்து கூப்பிட்டா நீலகிரிக்கு 0423 சேர்த்துக்கங்க. சமையல் கேஸ் லீக்குக்கு மட்டும் 1906. போன்ல முதல்ல எடத்தைச் சொல்லுங்க, அப்புறம் என்ன வாசனை, என்ன கலர் புகை, காத்து எந்தப் பக்கம் போகுது, எத்தனை பேர் விழுந்து கெடக்கறாங்க, லைன் கட்டாகறதுக்குள்ள இந்த வரிசையில சொல்லிடுங்க. மலையில சிக்னல் கிடைக்காத எடம் நிறைய இருக்கறதால இதை முன்னாடியே வீட்டுல பேசி வச்சுக்கங்க.

நஷ்ட ஈட்டுக்கு 1991 பொதுப் பொறுப்பு காப்பீட்டுச் சட்டப்படி, யார் தப்புன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல, விபத்து நடந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம். ஆஸ்பத்திரி சீட்டு, பில், ஆடு மாடு செத்திருந்தா கால்நடை டாக்டர் சர்டிபிகேட், பயிர் கருகினா விஏஓ அறிக்கை, எல்லாத்தையும் முதல் வாரத்துலயே வாங்கிப் பத்திரமா வைங்க. முழு நஷ்டத்துக்கு கோர்ட்டுக்குப் போற உரிமை அது வாங்கினாலும் போகாது.